திரும்பி வரும் வண்டி



நடமாடும் நூலகம் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது பத்திரிகைகளில் பார்த்த படங்கள்தான். கென்யாவில் ஒட்டகத்தின் முதுகில் புத்தகப் பெட்டி. கொலம்பியாவில் இரண்டு கழுதைகள் சுமந்துவரும் புத்தகங்கள். நார்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த இடுக்குகளில் ஒரு நூலகக் கப்பல். பார்த்ததும் மனம் நெகிழ்கிறது. நாலு பேருக்கு அனுப்பிவைக்கவும் தோன்றுகிறது. அந்தப் படங்களில் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அடுத்த முறை அந்த ஒட்டகம் சொன்ன தேதிக்கு வந்ததா? அதை ஓட்டி வந்தவருக்கு மாதச் சம்பளம் யார் கொடுத்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளோடு நடமாடும் நூலகங்களின் வரலாற்றைப் படித்தால், எது நிலைத்தது, எது ஏன் நின்றுபோனது என்பது விளங்கிவிடும். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பகுதி முழுக்க அப்பலாச்சியன் மலை. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த ஊர்கள் நிறைந்த பகுதி. 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்தப் பிழைப்பும் படுத்துவிட்டது. மாநிலத்தின் பல வட்டாரங்களில் நூலகம் என்று ஒரு கட்டடமே கிடையாது. பத்துப் பேரில் மூன்று பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாத இடங்கள் இருந்தன. நல்ல சாலையும் இல்லை. மலை இடுக்கில் ஓடும் ஓடைதான் வழி. தண்ணீர் வற்றிய நாளில் ஓடையின் கூழாங்கல் படுகையிலேயே போய் வருவார்கள். மழை பிடித்துக்கொண்டால் அந்த வழியும் அடைபட்டுப்போகும்.

1935இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு, வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கப் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பாலம், சாலை, பள்ளிக்கூடம் என்று ஆண்களுக்கான வேலைகள் நிறைய இருந்தன. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லாத பெண்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு மலைப்பகுதியில் கிடைத்த விடைதான் குதிரை நூலகம். மாதம் 28 டாலர் சம்பளம். குதிரையோ கோவேறு கழுதையோ அவர்களே கொண்டுவர வேண்டும். சொந்தமாக இல்லாதவர்கள் வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள். சேணப் பையில் புத்தகங்களைத் திணித்துக்கொண்டு வாரத்துக்கு நூறு, நூற்றிருபது மைல் போனார்கள். குதிரை ஏற முடியாத இடத்தில் இறங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் மாதத்தில் இரண்டு முறையாவது போயாக வேண்டும் என்பது ஏற்பாடு. பனி கொட்டினாலும் அந்த நாளில் அந்த வீட்டு வாசலில் குதிரை நின்றது.

இந்தத் திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் பணம் சம்பளத்துக்கு மட்டுமே. புத்தகம் வாங்க ஒரு காசு கிடையாது. புத்தகங்களை மக்கள்தான் தர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் காசு காசாகத் திரட்டின. நகரத்துப் பள்ளிகளும் நூலகங்களும் பழைய புத்தகங்களையும் இதழ்களையும் அனுப்பிவைத்தன. உலகெங்கும் பொதுவாக நடப்பது இதற்கு நேர் எதிர். வண்டி வாங்கப் பணம் வரும், திறப்பு விழா நடக்கும், புத்தகமும் அள்ளித் தருவார்கள். அதைக் கொண்டுபோகிற ஆளுக்குச் சம்பளம் என்று கேட்டால் பதில் வராது. ஏழை மலைநாட்டில் வறுமையின் உச்சத்தில் தொடங்கிய ஒரு திட்டம் எட்டு ஆண்டுகள் ஓடியதற்கு, முதலில் ஆளுக்குக் கூலி என்று முடிவு செய்தது முக்கியமான காரணம் என்றே படுகிறது.

கூலி உறுதியானதும் அந்தப் பெண்கள் செய்த வேலையைப் பாருங்கள். நன்கொடையாக வந்த புத்தகங்கள் பல ஏற்கனவே கிழிந்தவை. கை மாறி மாறி இன்னும் கிழிந்தன. தூக்கிப் போடவில்லை. கிழியாமல் மிஞ்சிய பக்கங்களையும் பழைய இதழ்களில் வந்த படங்களையும் வெட்டி, தாளில் ஒட்டிப் புதுப் புத்தகங்களாகக் கட்டினார்கள். ஒன்றில் சமையல் குறிப்பு, ஒன்றில் குழந்தைகளுக்கான கதை, இன்னொன்றில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் மாதிரிகள். மலைவீட்டுப் பெண்கள் தங்கள் கைப்பக்குவத்தையும் தையல் மாதிரிகளையும் எழுதிக் கொடுத்தார்கள். அவையும் ஒட்டப்பட்டு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயின. ஒரு வட்டாரத்தில் செய்தது இன்னொரு வட்டாரத்துக்கு மாற்றிக்கொள்ளப்பட்டது. பக்க முனையை மடக்காமல் இருக்கப் பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை அடையாள அட்டைகளாகக் கொடுத்தார்கள். கழித்துப்போட்ட வண்டி எண் பலகையை வளைத்துப் புத்தகம் சாயாமல் நிற்க முட்டுக் கொடுத்தார்கள். வாசிக்க வந்தவர்களே எழுதியவர்களாகவும் ஆன நூலகம் அது. பெரிய ஊர்களின் பளிங்கு நூலகங்களில்கூட இப்படி நடந்ததாகச் சொல்ல முடியாது.

வெளியாட்கள் மீது சந்தேகம் மிகுந்த மலை மக்கள் அவர்கள். காகிதம் கொண்டுவருபவர் வரிக்காரராகவோ வழக்குக்காரராகவோ இருக்கலாம் என்ற பயம் நியாயமானதுதான். நூலகப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து முதலில் பைபிளை வாசித்துக் காட்டினார்கள். அந்த வீட்டில் ஏற்கனவே காதில் விழுந்து பழகிய சொற்கள் அவை. நம்பிக்கை வந்த பிறகு மற்ற புத்தகங்கள் உள்ளே போயின. மார்க் ட்வைனையும் ராபின்சன் குரூசோவையும் விரும்பிக் கேட்டார்கள். பெரியவர்களுக்குப் படிக்க வராத வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை விளக்கடியில் சத்தமாக வாசிக்க, குடும்பமே கேட்டது. 1936 வாக்கில் ஐம்பதாயிரம் குடும்பங்களுக்கும், அடுத்த ஆண்டு 155 பள்ளிகளுக்கும் இந்தச் சேவை போய்ச் சேர்ந்திருந்தது.

1943இல் எல்லாம் நின்றது. போர்க்கால வேலைகள் பெருகி வேலையின்மை குறைந்ததால் ரூஸ்வெல்ட்டின் வேலைத் திட்டத்தையே மூடினார்கள். அதோடு குதிரை நூலகமும் போயிற்று. வாசகர்கள் குறைந்து அது நிற்கவில்லை. சம்பளம் நின்றது, குதிரை நின்றது. அதன்பின் பல ஆண்டுகள் அந்த மலைக்குப் புத்தகம் கொண்டுபோக ஆளில்லை. 1950களில் மாநிலம் முழுக்க நன்கொடை திரட்டி நூலக வண்டிகள் வாங்கினார்கள். 1956இல் கிராமப்புற நூலகங்களுக்கு மத்திய அரசு நிதி தரும் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் கிழக்குக் கென்டக்கியின் உறுப்பினர் கார்ல் பெர்கின்ஸ். 2014 கணக்கின்படி கென்டக்கியில் 75 நூலக வண்டிகள் ஓடின. அப்போது அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் அவ்வளவு இல்லை. குதிரைக் காலத்து வாசகர்களின் பிள்ளைகள் வளர்ந்து வாக்காளர்களானபோது, வண்டி வேண்டும் என்று கேட்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கென்டக்கிக்கு முப்பது ஆண்டுகள் முன்பே, மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுனில் மேரி டிட்காம்ப் என்ற நூலகர் இதே சிக்கலை வேறு வழியில் தொட்டிருந்தார். முதலில் அவர் மளிகைக் கடைகளிலும் தபால் நிலையங்களிலும் புத்தகப் பெட்டிகளை வைத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் பெட்டி இருந்தது. அப்படியும் கடைத்தெருவுக்கே அபூர்வமாக வரும் பண்ணை வீட்டுக்காரர்களுக்குப் புத்தகம் எட்டவில்லை. ஆகவே 1905இல் ஒரு குதிரை வண்டி கட்டச் சொன்னார். வெளிப்பக்கத்தில் அலமாரி, நடுவில் பெட்டிகள் வைக்க இடம். நல்ல உறுதியான வண்டி. பூசிய நிறம் கறுப்பு. ஒரு பண்ணையார் அதைத் தூரத்தில் பார்த்துவிட்டுப் பிண வண்டி என்று நினைத்து, இங்கே நிற்க வேண்டாம் என்று விரட்டிவிட்டார். உடனே சக்கரங்களுக்கும் கதவுகளுக்கும் பளிச்சென்ற சிவப்பு அடிக்கப்பட்டது.

வண்டியை ஓட்டியவர் ஜோஷுவா தாமஸ், அந்த நூலகத்தின் காவல்காரர். நூலகப் படிப்புப் படித்தவர் அல்லர். ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தின் ஒவ்வொரு பாதையும் அவருக்கு அத்துப்படி. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். அவரை அவசரப்படுத்தக் கூடாது என்பதில் டிட்காம்ப் பிடிவாதமாக இருந்தார். வேலியோரம் நின்று நாலு வார்த்தை பேசுவதும் நூலக வேலைதான் என்பது அவர் எண்ணம். 1910இல் ஒரு ரயில்வே கடவையில் சரக்கு ரயில் மோதி வண்டி சுக்குநூறானது. அதோடு முடிந்தது என்று விட்டுவிடவில்லை. 1912இல் மோட்டார் வண்டி வாங்கி மறுபடி தொடங்கினார்கள்.

மற்ற நாடுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். கென்யாவின் வடகிழக்கே, சோமாலியா எல்லையை ஒட்டிய கரிசாவில் 1996இல் அரசின் தேசிய நூலகச் சேவை மூன்று ஒட்டகங்களோடு தொடங்கியது. மேய்ச்சலுக்காக இடம் மாறிக்கொண்டே இருக்கும் மக்களுக்கு லாரி பயன்படாது. மணலில் சக்கரம் புதையும். ஒட்டகம் இரண்டு பெட்டிகளில் ஏறத்தாழ நானூறு புத்தகங்கள் சுமக்கும். மரத்தடியில் கூடாரம் அடித்துப் பாய் விரித்துப் புத்தகம் பரப்புவார்கள். இரண்டு வாரம் கழித்து ஒட்டகம் திரும்பி வரும். அரசு நிறுவனத்தின் பட்ஜெட்டில் இருந்ததால்தான் இது ஒரு புகைப்படத்தோடு முடியாமல் நீடித்தது.

கொலம்பியாவின் லா குளோரியா ஊர்ப் பள்ளி ஆசிரியர் லூயிஸ் சோரியானோ, 1990களின் பிற்பகுதியில் ஆல்ஃபா, பெட்டோ என்ற இரு கழுதைகளோடும் எழுபது புத்தகங்களோடும் கிளம்பினார். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் தடுமாறுவதைப் பார்த்து எடுத்த முடிவு. வானொலியில் அவரைப் பற்றிப் பேச்சு வந்த பிறகு புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. வழிப்பறியும் நேர்ந்தது, விபத்தில் ஒரு காலையும் இழந்தார். ஒரு தனிமனிதரின் தவம் அது, வணங்கத்தக்கது. அதேசமயம், ஒரு மாகாணத்தின் வாசிப்பு ஒருவருடைய உடம்பை நம்பி இருப்பது அந்த மாகாணத்துக்கு நல்லதல்ல.

நார்வேயில் 1959 முதல் நூலகக் கப்பல் சேவை இருந்தது. பின்னாளில் அதற்கென்றே கட்டிய ‘எபோஸ்’ கப்பல் ஏறத்தாழ ஆறாயிரம் புத்தகங்களோடு மேற்குக் கடற்கரையின் சிற்றூர்களுக்குப் போய்வந்தது. குளிர்காலத்தில் புத்தகமும், பிள்ளைகளுக்கு ஒரு கலைநிகழ்ச்சியும் அதில் வந்து இறங்கும். உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று. அங்கேயே நிதி நின்றதும் 2020இல் கப்பல் நின்றது. வறுமையால் மட்டும் இவை நிற்பதில்லை என்பதற்கு அந்தக் கப்பல் சாட்சி.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ், 1910இல் வில்லியம் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்துத் தம் சமஸ்தானம் முழுக்க நூலகங்கள் அமைத்தார். நூலகம் வைக்க முடியாத கிராமங்களுக்கு மரப் பெட்டிகளில் புத்தகங்கள் போய்வந்தன. 1935இல் ஆந்திரத்தின் குண்டூர்ப் பக்கம் பாதூரி நாகபூஷணம் என்பவர் கால்வாயில் படகு நூலகம் விட்டார்; படகில் போகிறவர்கள் போகிற வழியில் படித்தார்கள், கரையோர ஊர்கள் வாங்கிப் படித்தன. இந்த இரண்டுக்கும் நடுவில், 1931 அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி கிளம்பியது.

அந்த வண்டியின் பின்னால் இருந்தவர் சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். படிக்க லண்டன் போனவர், அங்கே உழைக்கும் மக்களும் பிள்ளைகளும் ஊர் நூலகத்தில் உரிமையோடு நுழைவதைக் கண்டார். திரும்பி வந்து 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதற்கு முன்நின்றார். நூலக அறிவியலின் ஐந்து விதிகள் பற்றிய அவருடைய நூல் 1931இல் வெளியானது. புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தத்தான் என்பது முதல் விதியின் சாரம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. இதை மனதார நம்புகிறவர் பல்கலைக்கழக மேசையில் உட்கார்ந்துகொண்டு இருக்க முடியாது. வாசகர் என்றால் வெண்ணாற்றங்கரையில் நாற்று நடுகிறவரும்தானே? அதே ஆண்டில் வண்டி கிளம்பியது தற்செயல் அல்ல.

வண்டியைக் கொடுத்தவர் மன்னார்குடியைச் சேர்ந்த ஓய்வு பெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை. டெல்டாவின் நிலம் அவருக்குத் தெரியும். வாய்க்கால், மதகு, களிமண் பாதை. ஐப்பசி மழையில் வேறு எந்த வண்டியும் இறங்கத் தயங்கும் இடம். அங்கே எந்த ஊருக்கும் போய்ச் சேரக்கூடியது மாட்டு வண்டி ஒன்றுதான். ஆகவே மாட்டு வண்டி. இதில் விசித்திரம் எதுவும் இல்லை; கரிசாவில் ஒட்டகமும் கென்டக்கியில் குதிரையும் அப்படித்தான் வந்தன. அந்தந்த ஊரில் எது ஓடுமோ அதில் புத்தகத்தை ஏற்றினார்கள், அவ்வளவே.

ரங்கநாதனின் பெருமை வண்டியோடு நின்றுவிடாததில் இருக்கிறது. நல்ல மனமுள்ள ஒருவரின் கொடை அவர் காலத்தோடு போய்விடலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நூலகத்துக்குச் சட்டம் வேண்டும், சட்டத்தில் வரி வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க அது வழி செய்தது. இன்று தமிழ்நாட்டில் வீட்டு வரி ஒரு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. கூரை வீட்டுக்காரரும் கட்டுகிறார், மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார். கென்டக்கிக்கு 1943இல் இல்லாமல் போனது இதுதான்: யார் ஆட்சிக்கு வந்தாலும் வற்றாத, புத்தகத்துக்கென்றே ஒதுக்கிய பணம்.

அந்த வரியைக் கட்டுகிறவர்களில் நூலக வாசலையே மிதிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். மலைக் கிராமத்துக்காரர்கள், உப்பளத் தொழிலாளர்கள், செங்கல் சூளையில் தங்கி வேலை செய்யும் குடும்பங்கள், படுக்கையில் இருக்கும் முதியவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நூலக நண்பர்கள்’ திட்டம், வெளியே வர இயலாதவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோக ஏற்பாடு செய்தது. நல்ல தொடக்கம். தன்னார்வத்தோடு மட்டும் விட்டுவிடக் கூடாத தொடக்கமும்கூட. படித்து முடித்துவிட்டு வேலை தேடுகிற இளைஞர் ஆறு மாதம் ஆர்வமாகக் கொண்டுபோவார். வேலை கிடைத்ததும் போய்விடுவார். அது அவர் குற்றமல்ல. அடுத்த புத்தகத்துக்காகக் காத்திருக்கும் பாட்டிக்குத்தான் நஷ்டம்.

கையில் கைபேசி இருக்கும்போது வண்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையான கேள்வி, மதித்துப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு கைபேசி இருந்தால் அது பகலில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. மலையில் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு நடந்து போக வேண்டியிருக்கிறது. இதெல்லாம் நாளை சரியாகிவிடலாம். சரியானாலும், ஒன்பது வயதுப் பெண் யானைக் கதையைத் திருப்பிக் கொடுக்கும்போது, இது பிடித்ததா, அடுத்து புலிக் கதை தரட்டுமா, இல்லை கணக்கு விளையாட்டா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். போன முறை என்ன எடுத்தாள் என்பது அவருக்கு நினைவிருக்க வேண்டும். ஜோஷுவா தாமஸ் வேலியோரம் நின்று செய்தது அதைத்தான். கென்டக்கிப் பெண் வாசல் திண்ணையில் உட்கார்ந்து செய்ததும் அதைத்தான். முதல் வருகையில் பிள்ளைகள் வண்டியைப் பார்க்க வருகிறார்கள். இரண்டாவது வருகையில் புத்தகத்தைத் திருப்பித் தர வருகிறார்கள். வாசிப்பு அந்த இரண்டாவது வருகையில் தொடங்குகிறது. மூன்றாவது முறை வண்டி வராவிட்டால், பெரியவர்கள் சொல்லும் பல விஷயங்களைப் போல இதுவும் பொய் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். அதன்பின் எத்தனை புதுப் பேருந்துகள் வந்தாலும் அந்த நம்பிக்கையை மீட்பது கடினம்.

ஆகவே இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி தனியாகக் குறித்திருக்கும். அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை கூடும் நாட்களில் எழுந்து நின்று கேளுங்கள். நூலகம் எட்டாத எங்கள் குக்கிராமத்துக்கு மாதம் இரண்டு முறை, குறித்த தேதியில், சம்பளம் வாங்கும் ஒரு நூலகரோடு புத்தகம் வர வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். அது வேனில் வந்தாலும் சரி, ஷேர் ஆட்டோவில் வந்தாலும் சரி, இருசக்கர வண்டியின் பின்னால் கட்டிய பெட்டியில் வந்தாலும் சரி. தீர்மானத்தின் நகலை மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கிராம சபையிலும் அதே தீர்மானத்தைப் போடுங்கள்.